இடைவேளை எங்கே விடுவது

நான்காம் பாகம் வந்துவிட்டது.
அவர்கள் ஊரில் அதற்குப்
பாய்மரம் விரிவது போல ஒரு பெயராம்.
வள்ளியூர்ச் சுவரொட்டியில்
'விண்வெளி வேட்டை 4'.
நாயகன் கையில் துப்பாக்கி,
போன பாகத்தைவிட ஒரு முழம் நீளம்.

படத்தில் இடைவேளை கிடையாது.
ஒரே மூச்சில் பார்ப்பார்கள் போலிருக்கிறது.
ஆனால் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்த தளவாய்க்கு
மூன்று பிள்ளைகள்.
ஆகவே எங்கே நிறுத்துவது என்று
ப்ரொஜக்டர் அறையில் உட்கார்ந்து நான் முடிவு செய்கிறேன்.
முப்பிடாதி, மாதம் பதினோராயிரம்.

முதல் பாகத்தில் ஒரே ஒரு துப்பாக்கி.
அதுவும் கடைசியில்தான் சுட்டது, குறி தப்பியது.
மீதி நேரமெல்லாம் ஐந்து பேர்
ஒரு கிரகத்தின் மேல் குனிந்து நின்று
பெய்வது மழையா, உயிரா என்று
சச்சரவு செய்துகொண்டிருந்தார்கள்.
அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.
பணகுடிக்குக் கடைசிப் பஸ்ஸை விட்டேன்.
வீட்டில் அடி வாங்கினேன்.
இரண்டாம் பாகத்தில் அந்த மழைக்குப் பல் முளைத்தது.
மூன்றில் பல் மட்டுமே இருந்தது.

மகேந்திரகிரியில் எஞ்சினை எரித்துப் பார்க்கிற நாளில்
எங்கள் வீட்டு ஜன்னல் முனகும்.
சில நிமிடம். பிறகு அடங்கிவிடும்.
அவ்வளவு நெருப்பும் எங்கேயும் போகாது,
கட்டிப்போட்ட இடத்திலேயே எரிந்து தீரும்.
மூன்றாம் பாகம் ஓட்டிய வாரம் முழுக்க
எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம்.

சண்டை பிடிக்காது என்றில்லை.
வியாழன் ராத்திரி தனியாக ஓட்டிப் பார்த்தபோது
பாலம் வெடித்ததும்
காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.
நான்கு நிமிடத்துக்கு ஒரு வெடி.
ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில் மட்டும்
யாரோ மறந்து விட்டுப்போன மாதிரி
ஒரு பதினோரு நிமிடம்:
கலம் இறங்குகிறது. எஞ்சின் அணைகிறது.
ஒரு பெண் கதவுக்கு உள்ளே நின்று
கையுறையைக் கழற்றலாமா என்று யோசிக்கிறாள்.

"அத வெட்டிரு மக்கா" என்றார் முதலாளி தேவசகாயம்.
வெட்ட முடியாது அண்ணாச்சி, பூட்டுப் போட்டு வருகிற கோப்பு.
"அப்பம் பாலம் வெடிச்சதும் விடு.
வாயப் பொளந்துகிட்டு வெளிய வந்தாத்தான்
முட்ட பப்ஸ் போவும்."

காற்றாலையில் வேலை பார்க்கும் சுடலைக்கண்ணிடம் கேட்டேன்.
மூன்றாம் பாகத்தையே ஆறு தடவை பார்த்த ஆள்.
"எம்பது மீட்டர் ஏறும்போ கை கால் எல்லாம் சண்டதான்.
மேல மூடியத் தொறந்து தலைய நீட்டுவோம் பாரு,
ஒரு நிமிசம் ஸ்பேனர் எங்கன்னே தெரியாது."
அங்கே என்ன தெரியும்?
"என்ன தெரியும், ராதாபுரந்தான்."

வெள்ளிக்கிழமை, முதல் காட்சி.
பாலம் வெடித்தது. விசில். நான் நிறுத்தவில்லை.
பதினோரு நிமிடமும் ஓடட்டும் என்று விட்டேன்.
இரண்டு செல்போன் வெளிச்சம், ஒரு கொட்டாவி,
"ஏல, தொறக்காளா மாட்டாளா?"
அவள் கையுறையைக் கழற்றினாள்,
கைப்பிடியைத் திருகினாள்,
கதவு ஒரு நூல் விலகியது.
விளக்கைப் போட்டேன்.

கெட்ட வார்த்தைகள் மாடி வரை வந்தன.
அப்புறம் மூத்திர வரிசையில் ஒருவன்
"வெளிய தண்ணியாத்தான் இருக்கும்" என்றான்.
"தண்ணிக்கு எதுக்குல அவ்வளவு யோசன?"
"காத்தே இருக்காது, பாரேன்."
"போன பாகத்துல செத்தாம்லா, அவன் நிப்பான்."
டீயை ஊதக்கூட மறந்து பேசினார்கள்.
மணி அடிக்கும் முன்பே
முந்நூற்றுச் சொச்சம் பேரும் உள்ளே.
தளவாயிடம் நாற்பது பப்ஸ் மிச்சம்.

கதவுக்கு வெளியே இருந்தது
வேறென்ன, பல்தான்.
அதற்கு நான் பொறுப்பில்லை.

மாலைக் காட்சிக்கும் அங்கேதான் நிறுத்தினேன்.
பப்ஸைக் குறைத்து வாங்கும்படி
தளவாயிடம் சொல்லியாயிற்று.